இறக்கையின் சாய்வு

பந்தயக் காரின் பின்னிறக்கைப் போல்ட்டின் மேல் ரேணுகா விரலை வைத்தாள்.

கீழ் ஓட்டையில் இருக்க வேண்டியது. மேல் ஓட்டையில் இருந்தது.

பூபதி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்பேனர்.

காரின் பின்னால் நிற்கிற அந்த இறக்கை, விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஓட ஓடக் காற்று அதை அழுத்தும், அது காரைத் தரையோடு அழுத்தும். மேல் ஓட்டையில் முடுக்கினால் சாய்வு கூடும். திருப்பத்தில் கார் நழுவாது. ஆனால் நேர்ப்பாதையில் அதே காற்று பிடித்து இழுக்கும்.

இந்த வருஷம் முழுக்க நேர்ப்பாதையில் ரேணுகாவை எல்லாரும் முந்திப் போனார்கள்.

"வண்டி ஓட்டறது நானுங்களா, நீங்களா?"

கேட்டாளே ஒரு கேள்வி! கல்யாணமான நாளிலிருந்து அவள் சத்தம் போட்டிருக்கிறாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறாள். இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. பூபதி ஸ்பேனரைக் கீழே வைத்தான்.



போன வருஷம் இங்கேதான் கடைசித் திருப்பத்தில் கார் சுழன்று டயர்ச் சுவரில் மோதியது. எலும்பு கூடியதும் அவள் அதை மறந்துவிட்டாள். ஆம்புலன்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனவனுக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கேட்ட சாய்வு ஒன்று, புருஷன் வைத்த சாய்வு ஒன்று.

இன்று முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் கார் வேறொருவர் கைக்குப் போய்விடும். டீம் ஓனர் சொல்லியாகிவிட்டது.

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அவன் காரின் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

இறக்கை நின்றது கூரைக்கு நேர் பின்னால். கூரையை உரசி வருகிற காற்று கலங்கிய காற்று. அதில் என்ன பெரிய அழுத்தம் கிடைத்துவிடும்? பயந்தவனுக்குச் சாய்வைக் கூட்டத்தான் தெரிந்திருந்தது. இடத்தை யோசிக்கவே இல்லை, மடையன்.

உயரமான தாங்கிகளைப் போட்டான். ஒரு சாண் மேலே, கொஞ்சம் பின்னே.

காற்றின் போக்கு தெரிய இறக்கையில் நூல் துண்டுகளை ஒட்டி, கூரையில் கேமராவை வைத்து, அவளைப் பயிற்சி ஓட்டத்துக்கு அனுப்பினான். திரும்பி வந்ததும் படத்தைப் பார்த்தான். பழைய இடத்தில் பேயாட்டம் ஆடியிருக்கும் நூல்கள் வாரிவிட்ட முடி மாதிரி படிந்து கிடந்தன.

சீரான காற்றில் குறைந்த சாய்வே போதிய அழுத்தம் தரும், இனிக் குறைக்கலாம்.

குறைத்தான். போல்ட்டைக் கீழ் ஓட்டையில் முடுக்கினான்.

"கீழ் ஓட்டையிலதான் இருக்குது ரேணு. நீயே பாரு."

அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

பந்தயம் தொடங்கியது.

அவன் நின்ற இடத்திலிருந்து அந்தக் கடைசித் திருப்பம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். திருப்பத்துக்கு முன்னால் அவள் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துவாள், என்ஜின் சத்தம் ஒரு கணம் தாழும். அதைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.

முதல் சுற்றில் தாழ்ந்தது.

அடுத்ததில் லேசாகத் தாழ்ந்தது.

அதற்கடுத்த சுற்றில் தாழவே இல்லை.

அட சாமி. கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் அறுபடாமல் ஏறியது. திருப்பத்தைக் கடந்தது. அவனை நோக்கி வந்தது.

கண்ணைத் திறந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டே கார்கள். நேர்ப்பாதையில் அவளை யாரும் முந்தவில்லை. அவள் காரின் சிவப்பு இறக்கை எதிரே விர்ரென்று கடந்து மறுபடி அந்தத் திருப்பத்தை நோக்கிப் போனது.

அப்போதுதான் பூபதி குனிந்து பார்த்தான்.

அவனுடைய வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே இல்லாத பிரேக்கை.

மெதுவாகக் காலை எடுத்தான்.