ஜெசிந்தாவின் விரால்

ஏரிக்கரையில் ஜெசிந்தா தூண்டிலோடு உட்கார்ந்ததிலிருந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். முள் சின்னது, தூண்டில் நரம்பு மெல்லிசு, மண்புழுவுக்கெல்லாம் விரால் வராது. மண்புழுவுக்குத்தான் வந்தது. மூன்று ஞாயிறாக அவள் காத்திருந்த மீன். கழி வளைந்ததுமே, "விடும்மா, உன்னால இழுக்க முடியாது" என்று அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். மீன் கரையேறியது. வேடிக்கை பார்த்தவர்கள் அவரைப் பாராட்டினார்கள். செவிளில் விரல் கொடுத்து மீனைத் தூக்கியபடி அவர் தன் செல்போனை அவளிடம் நீட்டினார். "ஒரு போட்டோ எடும்மா."

அவள் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மீனைப் பறித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரில் விட்டாள். பிறகு ஈரக் கையோடு போனை எடுத்து அவருக்கு நேரே பிடித்தாள்.

"இப்ப சிரிங்க சார்."