தைக்கக் கொடுக்காத சுடிதார்

போனை எடுத்தது அந்தப் பெண் இல்லை, அவள் புருஷன்.

பட்டாசுக்கு இது புதிதல்ல. கீழே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா வைத்த பெயர் அது. தொட்டதற்கெல்லாம் வெடிப்பாளாம். மாடியில், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவுகிற ஆபீசில் அவள் ஆலோசகர். அந்த ஆபீசுக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தையல் கடையின் பலகைதான் இரண்டுக்கும்.

ஆண் குரல் கேட்டால் என்ன சொல்வதென்று பெண்களிடம் முன்பே பேசி வைத்திருப்பார்கள்.

“டெய்லர் கடைலேருந்து பேசறேங்க. வீட்ல தைக்கக் குடுத்த சுடிதார் ரெடி.”

சொல்கிறேன் என்று புருஷன்மார் போனை வைத்துவிடுவார்கள். பெண்டாட்டி துணி என்றால் எந்தப் புருஷனுக்கு அக்கறை? ஆறு வருடத்தில் ஒருவனும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இவன் கேட்டான். கடை எங்கே, ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் வருகிறேன், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

மழுப்பினால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் அடி அந்தப் பெண்ணுக்கு. பட்டாசு முகவரியைச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

தையல்காரம்மா முழுதாகக் கேட்டுவிட்டு ஊசியைக் குத்தி வைத்தாள். யாரும் வாங்க வராமல் கிடந்த துணிகளுக்குள் கைவிட்டு ஒரு நீலச் சுடிதாரை உருவினாள். ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

பட்டாசு அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்து நிமிடம் பார்த்திருக்கிறாள். தூக்க முடியாத இடது கைதான் நினைவிருந்தது. உடம்புவாகு நினைவில்லை. என்னை மாதிரிதான் இருப்பாள் என்று குத்துமதிப்பாகச் சொல்லி வைத்தாள்.

தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்து, இரண்டு பக்கத் தையலையும் நன்றாக உள்ளே தள்ளிப் பிடித்தாள். இவ்வளவு பிடித்தால் எனக்கே நுழையாது என்று பட்டாசு கத்தினாள். வேலை நேரத்தில் தையல்காரம்மாவிடம் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று.

நாற்பதாவது நிமிடமே அவன் வந்துவிட்டான். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டாசு மூலையில் உட்கார்ந்து, பட்டன் தைப்பவள் போல வாயை மூடிக்கொண்டாள்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். வணக்கம் சொன்னான். கத்துகிறவர்களைவிட இப்படி மரியாதை தெரிந்தவர்களிடம்தான் அவளுக்குப் பயம் அதிகம். எப்போது கொடுத்தாள் என்று சிரித்தபடியே கேட்டான்.

“போன வாரம், பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டுப் போறப்ப,” என்றாள் தையல்காரம்மா, தலை நிமிராமல். “அளவுத் துணி குடுக்கல. கண்ணால பாத்துத் தைச்சதுதான். பத்தலன்னா காலைல ஆளை அனுப்புங்க. ஆளைப் பாக்காம நான் பிரிச்சுத் தைக்கறதில்ல.”

தையலைத் திருப்பிப் பார்த்தான். கூலியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

பட்டாசு வெடித்தாள். அது பத்தாது, காசு வீண் என்று அதற்கும் அவளைத்தான் அடிப்பான் என்றாள்.

தையல்காரம்மா கூலியைப் பெட்டியில் போட்டாள். பத்தக் கூடாதென்றுதான் பிடித்தேன் என்றாள். காசு கொடுத்தவன் விடமாட்டான். பிள்ளையை ஸ்கூலில் விடுவதைத் தவிர தனியாக எங்கும் அனுப்பாதவன், தானே கூட்டி வருவான். அடிக்க நினைப்பவனுக்குச் சுடிதார்தானா காரணம்?

மறுநாள் பத்து மணி.

பைக் வந்து நின்றது. நடுவில் மகள், பின்னால் அந்தப் பெண், கையில் ஒரு துணிப்பை. ரொம்பச் சின்னதாகத் தைத்துவிட்டீர்களே என்று அவன் கேலி செய்தான். கைக்கு மேல் ஏறவே இல்லையாம். அரை மணி நேரத்தில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான்.

பைக் சத்தம் முனை திரும்பும்வரை யாரும் நகரவில்லை.

தையல்காரம்மா தாயையும் மகளையும் அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கேதான் மாடிப்படி. பட்டாசு ஒரு முழுப் பேச்சைத் தயாராக வைத்திருந்தாள். இன்றே முடிவு எடுக்க வேண்டாம், நிதானமாக யோசியுங்கள், கிளம்பும் நாளில் என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும்...

அதற்குள் தையல்காரம்மா வழக்கப்படி சுடிதாரைப் பிரிக்கப் பையைத் திறந்துவிட்டாள். உள்ளே பிள்ளையின் இரண்டு கவுன், பிறப்புச் சான்றிதழ், ஒரு மாத்திரை அட்டை.

சுடிதார் இல்லை.

அந்தப் பெண் வலது கையால் தன் தொளதொளத்த மேல்சட்டையை மெல்ல உயர்த்தினாள். உள்ளே நீலச் சுடிதார். தோளிலும் இடுப்பிலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. அவ்வளவு மெலிந்திருந்தாள்.

“சரியாத்தான் இருந்துச்சு,” என்றாள். “பத்தலன்னு நான்தான் சொன்னேன்.”