ஆடுகிற பாரம்

ஹட்டனில் அன்ஸாரின் கடைக்குப் பின்னாலிருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புது மெஷின் வந்திருந்தது. அதற்கு எல்லோரும் போட்டி போட்டார்கள். பள்ளிக்கூட மாஸ்டர் றோலண்ட் மட்டும் தொடவில்லை.

“மெஷின்ல செய்ங்க மாஸ்டர், பாரம் மேல விழாது,” என்றார் அன்ஸார்.

“அது ஒரே கோட்டுல ஏறி எறங்குது நானா. எனக்கு ஆடுற பாரந்தான் வேணும்.”

கம்பியும் இரும்பு வட்டும் பழகிய பிறகு, மணல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார். தெருவில் யாராவது சத்தம் போட்டாலே அவர் முகம் வெளுத்துவிடும். தமிழர் வீடுகளைக் கொளுத்திய போன கலவரத்திலிருந்து அப்படித்தான்.

“யாரையும் அடிக்கப் போறீங்களா மாஸ்டர்?”

“ஐயோ, இல்ல நானா. ஓடத்தான்.”

ஓடுவதற்கு மூட்டை எதற்கு என்று அன்ஸார் சிரித்தார்.

எண்பத்து மூன்று ஜூலையில் ஒரு பகல், கடைத்தெருவில் புகை எழுந்தது.

“வர்றாங்க! மலைக்கு ஓடுங்க!” என்று அன்ஸார் கத்தினார்.

எல்லோரும் மேலே ஓட, றோலண்ட் கீழே தன் வீட்டுக்கு ஓடினார். பயத்தில் புத்தி கெட்டுவிட்டதென்று நினைத்து, அன்ஸாரும் பின்னால் ஓடினார்.

கதவு திறந்தது. மாஸ்டரின் முதுகில் அவர் மனைவி சுகிர்தம். அவளை அன்ஸார் வெளியில் பார்த்ததே இல்லை. சேலைக்குக் கீழே சூம்பிய இரண்டு கால்கள் தொங்கின.

“என்னைய எறக்கிட்டு நீங்க ஓடுங்க!” என்று அவள் திமிறினாள்.

“போன தடவ இவள தூக்க முடியாம ரெண்டு பேரும் கட்டிலுக்கடியில கெடந்தோம் நானா.”

றோலண்ட் தேயிலைச் சரிவில் ஏறினார்.

“அழு சுகிர்தம், திமிறு, என்ன வேணும்னாலும் செய். கழுத்த மட்டும் விட்டுடாத.”