சுண்ட்ஸ்வால் ரசீது

குன்னெல் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

பெயர் என்ன என்று நான் கேட்கக் கூடாது. எதற்கு என்றும் கேட்கக் கூடாது. எங்கள் நகராட்சியின் ஆவணப் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, கேட்ட காகிதத்தை உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். சட்டம்.

அவள் பெயர் எனக்குத் தெரியாதா என்ன? தேவாலயப் பாடற்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். லெனார்டின் மனைவி. லெனார்ட் நகராட்சியின் தண்ணீர், சாக்கடைக் குழுவுக்குத் தலைவர்.

"அக்டோபர்ல தலைவர் சுண்ட்ஸ்வால் ஊர்ல நடந்த மாநாட்டுக்குப் போனாரே, அந்த ஓட்டல் பில்லைப் பாக்கணும்," என்றாள். பிறகு, "நானும் வரி கட்டுறவதான். யாருன்னு நீ கேக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"கேப்பேனா? உங்களை முன்ன பின்ன பாத்ததே இல்லையேம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன. எந்தப் பெண்ணோடு போனார் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள், வேறெதற்கு வருவாள்.

கல்யாண மோதிரம் விரல் சதைக்குள் பதிந்து கிடந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் காரின் முன்சீட்டில் அவள் வந்து இறங்குவதைப் பார்த்தாலும் எரியும். தேவாலய வாசலில் ஊரே பார்க்க அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்வாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் சரிசெய்கிற காலரை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது.

ஆம், அவள் தேடுகிற பெண் நான்தான்.

ஆனாலும் பயமாக இல்லை. உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது. இத்தனை பயணங்களில் நான் போகாத ஒரே ஒரு பயணத்தையா பார்த்துக் கேட்க வேண்டும்! சுண்ட்ஸ்வாலுக்கு நானும் போவதாகத்தான் இருந்தது. அதற்கென்றே ஒரு கோட்டு வாங்கியிருந்தேன். கிளம்புகிற அன்று நெருப்பாய்க் காய்ச்சல். நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்ண, சாக்கடைப் பேச்சைக் கேட்டுட்டுத் தூங்க வேண்டியதுதான் என்று போனில் அலுத்துக்கொண்டார்.

ரசீதில் ஒற்றை அறை, ஒரு சாப்பாடு என்றுதான் இருக்கும். பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வீட்டுக்குப் போகட்டும். கணினியில் தேடி ரசீதைத் திறந்தேன்.

இரட்டை அறை. கூடுதல் நபர் ஒருவர். இரவு உணவு இருவருக்கு.

தலைப்பை மறுபடி பார்த்தேன். அதே சுண்ட்ஸ்வால் பில்தான்.

என்னோடு வரும்போது என் செலவைத் தன் சொந்தப் பணத்தில் தனியாகக் கட்டி, ரசீதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவார். என்னை மறைக்க அவ்வளவு பாடு. இந்தப் புதியவளையோ நகராட்சிக் கணக்கிலேயே எழுதியிருக்கிறார். ஊர் வரிப்பணத்தில், யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுப் பார்க்கிற இடத்தில். மறைக்கவே தோன்றாத அளவுக்கு அப்படி என்ன மயக்கம்? யார் அவள்? என்னைவிடச் சின்னவளா? என் கோட்டு இன்னும் விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்குகிறது.

பில் கிடைக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை. இந்த எரிச்சலை நான் ஒருத்தி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

அச்செடுத்துக் கொடுத்தேன்.

குன்னெல் இரண்டு முறை படித்தாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிகா, நான் ஒரு பாவி. இவ்வளவு நாளா உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

யாராவது கேட்டார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தேன்.

"இந்தத் தேதியைப் பாரு, வியாழக்கிழமை. அன்னைக்கு நீ எந்திரிக்கக்கூட முடியாம கெடந்தே. வீட்டுல வச்ச பட்டாணி சூப்பைக் கொண்டாந்து உனக்கு ஊட்டிவிட்டதே நான்தானே. நீ இல்லடி. என்னை மன்னிச்சுக்கோ."

மோதிரம் என் விரல்களில் அழுந்தியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"யாராடி இருக்கும்?"

"தெரியலையே," என்றேன். அவளிடம் நான் பொய் கலக்காமல் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையுறையை மாட்டினாள், மறுபடி கழற்றினாள். இந்த வருடம் அவர் போன எல்லாப் பயணங்களின் பில்லும் வேண்டும் என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்தேன்.