ஆறாம் காம்பரா

"ரெண்டே ரெண்டு வரி திருத்தம். அதையும் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா!"

மிலான் போனைக் கட்டிலில் எறிந்தான்.

"யாருடா?" என்றாள் பவுலின், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி.

"அட்டன் டவுன்ல கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாங்களே, சர்மிளா அக்கா. அவங்கதான்."

மண்சரிவு அபாயம் வந்தால், பதிந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பிப் போனை அலற வைக்கும் செயலி அது. மலையகத்துப் பிள்ளைகள் சேர்ந்து காசு வாங்காமல் செய்தது. அதன் நிரல் இணையத்தில் திறந்தே கிடக்கும். யாரும் திருத்தி அனுப்பலாம். சர்மிளா பார்த்து 'சரி' சொன்னால்தான் உள்ளே சேரும்.

சிக்கல் ஒன்றுதான். வீட்டு இலக்கம் போடாமல் அது யாரையும் பதிய விடவில்லை. ஒரே கூரையின் கீழ் காம்பரா என்னும் அறைகள் வரிசையாய் நிற்கும் லயத்துக்கு ஏது வீட்டு இலக்கம்? தபாலே தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது. 'இலக்கம் இல்லாவிட்டாலும் விட்டுவிடு' என்று மிலான் மாற்றி அனுப்பியிருந்தான். மலை சரிந்தால் ஓட முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் அவன் எத்தனை நாள் பொறுப்பான்?

மூக்கைப் பிடித்துக்கொண்டு சர்மிளாவானான். "தம்பி, நல்ல முயற்சி தம்பி. ஆனா இதுல ஒரு குறை இருக்கு தம்பி." உடனே நெஞ்சை நிமிர்த்தி, காலையில் பெரட்டுக் களத்தில் தோட்டத் தொழிலாளரைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் கண்டாக்கு ஆனான். "ஏய்! இலக்கம் இல்லாதவனெல்லாம் அந்தப் பக்கம் நில்லு!"

பவுலின் தைலப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பே போதும். சர்மிளாவுக்கு அழைப்பு எடுத்தான்.

"அக்கா, நீங்க டவுனுக்குப் போயிட்டீங்க. ஒங்க கேட்டுல நம்பர் பலகை தொங்குது. லயத்துச் சனத்த மறந்துட்டீங்க!"

"பேசி முடிச்சிட்டியா?"

"இன்னும் இருக்கு."

"சரி, பேசு."

மிலான் யோசித்தான். "...முடிஞ்சுது."

"இலக்கத்த வெறுமையா விட்டா, ஒங்க லயத்துப் பன்னெண்டு குடும்பமும் செயலிக்கு ஒரே வீடு தம்பி. மொதல்ல பதிஞ்ச போனுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும்."

"அவ்வளவுதானா? மொதல்ல பதியப் போறதே நான்தானே. நான் சொல்லிட்டாப் போச்சு."

"எல்லாருக்கும் சொல்லுவியா?"

"எல்லாருக்கும்!"

"அடுத்த காம்பராவுல தொடங்கி, கடைசிக் காம்பரா வரைக்கும்?"

மிலானின் பார்வை நடுச்சுவருக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பழனியாண்டி. இவர்கள் இறக்கிய தகரக்கூரைத் தண்ணீர் அவர் வாசலில் விழுகிறது என்று தொடங்கிய சண்டை. மூன்று வருசமாக ஒரு பேச்சு இல்லை.

"அவங்களத் தவிர," என்று வாய் தவறி வந்துவிட்டது.

"அதுக்குத்தான் திருப்பி அனுப்பினேன். அடுத்தவன் வாயை நம்பி யாரோட உசுரும் இருக்கக் கூடாது. லய நம்பருக்கு ஒரு கட்டம், காம்பரா நம்பருக்கு ஒரு கட்டம் போடு. நம்மளுக்கும் விலாசம் உண்டுன்னு அதுக்குப் புரியட்டும். ரெண்டு காம்பராவ வச்சு சோதிச்சுக் காட்டு, சேர்த்துக்கிறேன்."

மிலானுக்கு அது பெரிய வேலையே இல்லை. பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கட்டங்கள் தயார். தங்கள் ஐந்தாம் காம்பராவுக்குத் தன் நம்பரைப் போட்டான். பக்கத்து ஆறாம் காம்பராவுக்கு?

பழனியாண்டியின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. மிலானின் முகத்தில் குறும்பு ஏறியது.

அவன் வாயில் வானொலி அறிவிப்பாளரின் குரல் தானாக வந்தது. "அவதானம், அவதானம்! ஆறாம் காம்பராவில் வசிக்கும் பழனியாண்டி அவர்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!"

"வேணாம்டா, பாவம்," என்றாள் பவுலின்.

"நீங்க சும்மா இருங்கம்மா. நெசமாவே மலை சரிஞ்சா அந்த ஆளு நமக்கு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு நெனைக்கிறீங்களா?"

ஆறாம் காம்பராவுக்கு மட்டும் அனுப்பினான்.

சுவருக்கு அப்பால் ஒரு போன் அலறியது. மிலானின் போன் வாயே திறக்கவில்லை.

"வேலை செய்யுதும்மா! சர்மிளா அக்கா இனி ஒரு குறை சொல்லட்டும் பாப்போம்!"

பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிழவர் ஓடுவதைப் பார்க்க மிலான் ஜன்னலுக்குப் பாய்ந்தான். மழையில் யாரையும் காணவில்லை.

அவன் வீட்டுக் கதவுதான் அதிர்ந்தது.

திறந்தான். தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார் பழனியாண்டி.

"டேய், மண்ணு சரியப் போகுதாம்டா! போன்ல வந்துருச்சு!"

மிலானுக்கு இப்போது சொந்தக் குரல்தான் வந்தது. "மாமா... மாமி எங்க?" என்று மட்டும் கேட்டான்.

"அவ ஓடி வந்துருவா. பவுலின் எப்படிடா ஓடுவா? நீ ஒரு பக்கம் புடி, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்!"