கோட்டுக்கு அந்தாண்ட

பொன்னுரங்கத்தின் இடது கை ஆள்காட்டி விரலில், நடு மூட்டையும் சேர்த்து எடுக்கிற மாதிரி, டாக்டரம்மா பேனாவால் ஒரு கோடு போட்டார். சென்ட்ரிங் பலகை விழுந்து நசுங்கிய விரல் அது. நுனி கருத்துப் போயிருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் கோடு போட்டு அறுத்தவனுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா, மூட்ட உட்டுட்டு நுனிப் பக்கமா அறுங்க. மூட்டு மடங்கினாப் போதும், ஆணி புடிச்சிப்பேன்."

"புண்ணு ஆறாமப் போனா மறுபடியும் வெட்டணும். தெரியுமா?"

"வெட்டுங்க. நீளமா நின்னா அறுத்துக்கலாம். குட்டையாப் போச்சுன்னா பலக அடுப்புக்குத்தான்."

நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. விரலைத் திருப்பி, அழுத்தி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை அவனிடமே நீட்டினார். பொன்னுரங்கம் அதை வாங்கி, மூட்டைத் தாண்டி நுனிப் பக்கமாக நேராக ஒரு கோடு இழுத்தான். கருத்த பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டான்.

"இது எதுக்கு?"

"அதான் கழிவுப் பக்கம். வாள அந்தப் பக்கமா வெக்கணும். கோட்டு மேலயே வெச்சா நம்ம பக்கத்துல ஒரு நூலு கொறஞ்சிடும்."

டாக்டர் பஞ்சை நனைத்து, தான் போட்ட கோட்டைத் துடைத்தார்.

விரல் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மறைப்பதற்குக் கொண்டுவந்த பச்சைத் துணியை அவன் வேண்டாம் என்றுவிட்டான். தலையைத் தூக்கிப் பார்த்தான். கத்தி கோட்டின் மேல் வந்து நின்றது.

"இன்னும் அந்தாண்ட," என்றான் பொன்னுரங்கம்.

கத்தி நகர்ந்தது.