இருநூறாவது நாள்

பரந்தனை அடுத்த ஆடைத் தொழிற்சாலையில் காலை பத்து மணி. துணி வெட்டும் இயந்திரம் ஆன்சலாவின் மூன்று விரல்களைத் துண்டித்துவிட்டது. மேசையில் வெள்ளைத் துணியடுக்கு சிவந்து ஊறுகிறது. அவள் தரையில் விழுந்து கிடக்கிறாள்; அவளது அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்புகிறது. கம்பியில்லா ஒலிவாங்கியைப் பிடித்தபடி கௌசலா உறைந்து நிற்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன்பு ஆன்சலாவுக்குப் பக்கத்தில் இருந்து தைத்தவள், இன்று ஒலிபெருக்கி அறிவிப்புகளுக்குப் பொறுப்பான உள்ளகத் தொடர்பு அலுவலர். சுவர்ப் பலகையில் தன் கையால் எழுதி, பலூனும் கட்டியிருக்கிறாள்: ‘விபத்தில்லாத இருநூறாவது நாள்.’ அந்த இருநூறு நாட்களுக்குள் ஊசி ஒருத்தியின் விரலில் ஏறிய நாளிலும், துணி தேய்க்கும் மின்னழுத்தியின் ஆவியில் இன்னொருத்தியின் முகம் வெந்த நாளிலும், ஒலிபெருக்கியில் பாட்டைக் கூட்டி அலறலை அமுக்கியவள் அவள்தான்.

“பாட்டைப் போடும், பிள்ளை! பக்கத்து மண்டபத்துக்குக் கேக்கப் போகுது.” முகாமையாளர் அவளுடைய கையை முறுக்குகிறார். “கொழும்புப் பதவி வேணுமெல்லோ?”

“ஓம் சேர், அறிவிக்கிறன்.”

கௌசலா கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஆன்சலாவின் அருகே மண்டியிடுகிறாள். துணியைக் கிழித்து அவள் கையை இறுக்கிக் கட்டுகிறாள். ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, அலறும் வாயருகே வைக்கிறாள். பக்கத்து மண்டபத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து கதவு உதைபட்டுத் திறக்கிறது.